ட்ரையர் சூட்டில் காய்ந்த ஹெல்மெட்

"மிஸ்ஸி, நல்ல ஹெல்மெட் ஒண்ணு வாங்குனா எத்தன வருஷம் உழைக்கும்?" என்று போன மாதம் ஒரு பெண் என்னைக் கேட்டாள். புதிதாக வேலைக்கு வந்தவள். மோட்டார் சைக்கிள் ஓட்ட இப்போதுதான் பழகுகிறாள். சாதாரணக் கேள்வி. அதற்குப் போய் அவள் மேல் எரிந்து விழுந்தேன். "கடைல போய்க் கேளு, என்னயக் கேக்காத!" என்று கத்திவிட்டுக் கிளினிக் அறைக் கதவை அடித்துச் சாத்தினேன். பிறகு அவளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன், அது வேறு கதை. கோபம் மட்டும் போகவில்லை. அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

நான் அரசாங்க மருத்துவ மாது. தேயிலைத் தோட்டத்தில் என்னை மிட்வைஃப் மிஸ்ஸி என்பார்கள். கந்தப்பளைப் பக்கம் ஐந்து டிவிசன், அதாவது தோட்டத்துப் பிரிவுகள், என் பொறுப்பில். கர்ப்பிணிகளைப் பார்க்கவும், பிள்ளைகளை நிறுக்கவும், பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போய் வரவும் ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறேன். அதில் போக ஒரு ஹெல்மெட், மேலும் கீழுமாக இரண்டு துண்டு மழைக்கோட்டு, கையுறை, ரப்பர் பூட்ஸ். இந்தச் சாமான்களைச் செய்கிறவன் எவனும் எங்கள் மலையில் ஒரே ஒரு ஆனி மாதம் இருந்தவன் இல்லை. இருந்திருந்தால் இப்படிச் செய்ய மாட்டான். இங்கே மழை மேலேயிருந்து மட்டும் வராது. பக்கவாட்டில் வரும், பள்ளத்திலிருந்து பனியாக ஏறி வரும். காலையில் நனைந்த கோட்டு மறுநாள் காலையிலும் ஈரமாகவே கொடியில் தொங்கும். ஈரக் கோட்டுக்குள் கையை நுழைக்கிற அருவருப்பு, அனுபவித்தவளுக்குத்தான் தெரியும்.

எனக்கு அந்த அருவருப்பு இல்லை. ஏன் என்றால் என் புருஷனுக்குத் தேயிலை ஃபெக்டரியில் ட்ரையர் வேலை. நொறுங்கிப் புளித்த கொழுந்தைச் சூட்டில் கறுப்புத் தூளாக்கி எடுக்கிற இயந்திரம் அது. அதற்குச் சூடு கொடுக்கிற விறகு அடுப்பு ஒரு அறை அளவுக்கு இருக்கும். அந்த அடுப்பின் பின்சுவரில் கை வைக்க முடியாது. சாயங்காலம் வேலைக்குப் போகும்போது என் ஈரச் சாமான் முழுவதையும் ஒரு உரப்பையில் போட்டு எடுத்துப் போவார். பின்சுவரை ஒட்டி ஒரு கம்பி. அதில் கோட்டு, கையுறை. கம்பிக்குக் கீழே ஒரு திட்டு. அதில் பூட்ஸ், அதன் பக்கத்தில் ஹெல்மெட் குப்புற. காலையில் திரும்பும்போது எல்லாம் மொறுமொறுவென்று காய்ந்து, தேயிலை வாசனையோடு வீட்டுக்கு வரும்.

எனக்கு அதில் எவ்வளவு பெருமை தெரியுமா! மாதக் கூட்டத்துக்கு மற்ற மிஸ்ஸிமார் கோட்டை உதறிக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வருவார்கள். நான் மட்டும் சூடு ஆறாத கையுறையோடு போய் உட்காருவேன். "ஒங்களுக்கு என்னங்க, வீட்டுக்காரரு ஃபெக்டரியையே தூக்கி மடில வச்சிருக்காரு" என்று கேலி செய்வார்கள். "பொறாமப்படாதீங்கடி" என்பேன். ஏழு வருஷம் இப்படி. ஏழு வருஷமும் அவர் ஒரு நாள் தவறவில்லை, ஒரு நாள் முகம் சுளிக்கவில்லை. டீமேக்கர் ஐயா, அதாவது ஃபெக்டரியின் பெரியவர், "இங்க துணி காயப்போடக் கூடாது" என்று இரண்டு தடவை ஏசியும் கேட்கவில்லை. "மிஸ்ஸி நனஞ்சிட்டுப் போனா புள்ள பெக்குறவங்களுக்கு யாருங்கய்யா இருக்கா?" என்று சொல்லிச் சமாளித்துவிட்டாராம்.

முதலில் போனது கையுறை. இரண்டாவது வருஷமே கருவாடாக விறைத்து, விரல் மடிகிற இடமெல்லாம் வெடித்தது. நான் நேரே கடைக்குப் போனேன். "இது தோலா, மட்டையா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டேன். கடைக்காரர் வேறு சோடி கொடுத்தார். அதுவும் அடுத்த வருஷம் அப்படியே ஆயிற்று. திரும்பப் போய் இன்னும் உரக்கக் கத்தினேன். இப்போது அந்த மனுஷனின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிறகு கோட்டு. தையலுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிற பட்டை சுருண்டு சுருண்டு உரிந்தது. உரிந்தால் மழை முதலில் நுழைவது உட்காருகிற இடத்தில்தான். வெள்ளைச் சீருடை போட்ட பொம்பளை பின்பக்கம் நனைந்து, தொழிலாளர் குடியிருக்கிற லயத்து வாசலில் போய் இறங்கினால் எப்படி இருக்கும்? பையைப் பின்னால் பிடித்துக்கொண்டு நடப்பேன். பூட்ஸ், கால் மடிகிற இடத்தில் வெடித்தது. அட்டைப்பூச்சி நுழைவதற்கு அது போதும். ஒவ்வொன்றுக்கும் யாரையாவது திட்டினேன். சாமான் செய்தவனை, விற்றவனை, வானத்தை, ரோட்டை. அடுப்பை மட்டும் ஒரு தடவைகூட நான் சந்தேகப்படவில்லை.

ஹெல்மெட் ஒன்றுதான் உழைத்தது. அப்படித்தான் நினைத்தேன். கறுப்பு நிறம், மினுமினுப்பு குறையவே இல்லை. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் அவர் அதைத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, வண்டியின் மேல் சாமி மாதிரி உட்கார வைப்பார். "பாரு, இத்தன வருஷத்துச் சாமான்னு யாராச்சும் சொல்லுவாங்களா?" என்பார். யாரும் சொல்ல மாட்டார்கள்தான்.

ஒரே ஒரு குறை. நாலாவது வருஷத்திலிருந்து அது எனக்குத் தளர்ந்துகொண்டே வந்தது. பள்ளத்தில் வண்டி இறங்கினால் முன்னால் சரிந்து கண்ணை மறைக்கும். நான் என்ன நினைத்தேன்? எனக்கு முடி கொட்டிவிட்டது என்று நினைத்தேன். நாற்பதைத் தாண்டியாயிற்று, இரண்டு பிள்ளை பெற்றாயிற்று, முடி கொட்டாமல் என்ன செய்யும்? அவர் கறிவேப்பிலை போட்டு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். தடவினேன். ஹெல்மெட் இன்னும் தளர்ந்தது. அதற்குள்ளே கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டேன். எங்கள் குளிருக்கு அது தோதாகவும் இருந்தது. இப்படித்தான் மூன்று வருஷம் ஓட்டினேன். அறிவுகெட்டவள்!

கடைசியில் சகிக்க முடியாமல் போன வருஷம் புதிதாக ஒன்று வாங்கினேன். பழையதைத் தூக்கிப் போடுவோமா? எங்கள் ஊரில் யாரும் போட மாட்டார்கள். ஓட்டுகிறவருக்கு நல்லது, பின்னால் உட்காருகிறவருக்குப் பழையது. எந்த வீட்டிலும் இதுதான் வழக்கம். பொலிஸ்காரர் மறித்தால் பின்னால் இருப்பவர் தலையிலும் ஏதோ ஒன்று கவிழ்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். என் வண்டியில் பின்னால் உட்காருகிறவர் என் புருஷன். அவருக்கு ஓட்டத் தெரியாது, பழகவும் மாட்டேன் என்றுவிட்டார்.

அன்றைக்கு முற்றத்தில் அவர் அந்தப் பழைய ஹெல்மெட்டை எடுத்து மாட்டிப் பார்த்தார். கச்சிதமாக இறங்கியது. "அளவெடுத்துச் செஞ்சாப்ல இருக்கு!" என்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினார். நான் சிரித்தேன். அதை வாங்கிய அன்று கடையில் அவர் விளையாட்டாக மாட்டப் பார்த்து, காதுக்குக் கீழே இறங்காமல் சிக்கிக்கொண்டு திணறியது எனக்கு ஞாபகம் இருந்தது. "வயசாகி ஒங்க தல சுருங்கிப்போச்சு" என்றேன். இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தோம். ஒரு சாமான் வீணாகவில்லை என்று எனக்குத் திருப்தி வேறு.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கந்தப்பளைக்குச் சாமான் வாங்கப் போனோம். மழை இல்லை. மரக்கறி லொறி ஒன்று தோட்டத்து மண்ணை டயரில் அள்ளிக்கொண்டு வந்து, ஒரு வளைவு முழுக்க இழுகிவிட்டுப் போயிருந்தது. நான் வேகமாகப் போகவில்லை. பக்கத்தில் ஒரு ஆள் நடந்து வந்திருந்தால் எங்களை முந்தியிருப்பார். முன் சக்கரம் வழுக்கி வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. நான் முழங்கையை ஊன்றி விழுந்தேன். அவர் பின்பக்கமாகப் போய் விழுந்தார். ரோட்டோரத் தண்ணீர்க் கானின் சிமெந்து விளிம்பில் அவர் பின்தலை பட்டது. அந்தச் சத்தம் பெரிதாகக்கூட இல்லை. தேங்காயை மெதுவாகத் தட்டின மாதிரி ஒரு 'டொக்'.

எழுந்து உட்கார்ந்து சிரித்தார். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. ஒனக்கு அடிபட்டுச்சா?" என்றார். ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்த்தேன். பின்னால் ஒரு கோடு, நகத்தால் கீறின மாதிரி. அவ்வளவுதான். கூடிவிட்ட ஆட்களில் ஒருவர், "நல்ல ஹெல்மெட்டுங்க, அதான் தலய காப்பாத்திருச்சு" என்றார். நான் தலையை ஆட்டினேன். கால் மணி நேரத்தில் அவர் வாந்தி எடுத்தார். பிறகு என்னை யாரோ மாதிரிப் பார்த்து, "நாம எங்க போறோம்?" என்று கேட்டார். பதில் சொன்னேன். மறுபடியும் அதையே கேட்டார். முச்சக்கர வண்டியில் ஏற்றி நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியெல்லாம் அதையே கேட்டுக்கொண்டு வந்தார்.

உள்ளே கொஞ்சம் இரத்தக் கசிவு, தானாக அடங்கும், சில நாள் வைத்துப் பார்க்கவேண்டும் என்றார்கள். இரண்டாம் நாள் உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தேன். ஹெல்மெட்டின் உள்துணியில் வாந்தி காய்ந்து நாறியது. கழுவலாம் என்று அந்தத் துணியைப் பிய்த்து எடுத்தேன். ஏழு வருஷத்தில் அதைப் பிய்த்தது அன்றுதான் முதல் தடவை.

உள்ளே இருக்க வேண்டியது தடிப்பான வெள்ளைப் பஞ்சுக் கட்டி. டீவி பெட்டிக்குள் வைத்து வருமே, அதே ரெஜிஃபோம் சாதி, ஆனால் அடர்த்தியானது. அடி விழுந்தால் அது நசுங்கும். அது நசுங்கினால்தான் தலை நசுங்காது. என் புது ஹெல்மெட்டைக் கொண்டுவந்து அதன் துணியையும் பிய்த்துப் பார்த்தேன். என் பெருவிரல் தடிப்பு இருந்தது. பழையதில்? வற்றிப்போய், மஞ்சளித்து, விளிம்பெல்லாம் மேல் ஓட்டிலிருந்து விலகி, அப்பளத் தடிப்பில் ஒட்டிக்கொண்டு இருந்தது. விரலால் அழுத்தினேன். கல்லாக இருந்தது. நசுங்குவதற்கு அதில் எதுவும் மிச்சமில்லை. என் முடி கொட்டவில்லை. அவர் தலை சுருங்கவில்லை. ஏழு வருஷம் அடுப்புச் சுவரில் வெந்து வெந்து அந்தப் பஞ்சுதான் சுருங்கியிருக்கிறது. துணிக்கு அடியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. சூட்டுக்குப் பக்கத்தில் வைக்காதே என்று அதில் ஆங்கிலத்தில் எறும்பு எழுத்தில் எழுதியிருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல! அந்த எழுத்தை அங்கே ஒளித்து வைத்தவன் எவன்? வாங்குகிறவள் அதைப் பிய்த்துப் பார்ப்பாள் என்று நினைத்தானா? கொஞ்ச நேரம் அவனைத்தான் வைதேன். ஆனால் அந்தக் கோபத்தை என்னால் நெடுநேரம் இழுத்துப் பிடிக்க முடியவில்லை. நான் யார்? தடுப்பூசி மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்து மலை மலையாகச் சுமக்கிறவள். சூடு பட்டால் மருந்து செத்துப்போகும், பார்க்க அப்படியேதான் இருக்கும், ஆனால் பிரயோசனம் இல்லை என்று இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்கிறவள். மருந்துக் குப்பியிலாவது ஒரு சின்ன அடையாளம் இருக்கும், சூடு பட்டால் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். ஹெல்மெட்டுக்கு அந்த நாதியும் இல்லை. அது தெரிந்த எனக்கு இது உறைக்கவில்லையே! அந்தப் பழையதைச் சுவரில் வீசினேன். ஓட்டில் புதிதாக ஒரு கீறல்கூட விழவில்லை.

அவர் வீட்டுக்கு வந்ததும் கொட்டிவிட்டேன். இரண்டு ஹெல்மெட்டையும் அவர் மடியில் போட்டு, "தொட்டுப் பாருங்க. நீங்க பண்ணுன வேலயப் பாருங்க" என்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்த மனுஷனிடம் பேசுகிற பேச்சா அது? தடவிப் பார்த்தார். வெகுநேரம் தடவினார். "காயட்டும்னுதானே வச்சேன்" என்றார்.

பத்து நாள் கழித்துத்தான் இன்னொன்று தெரிந்தது. பால் திரிந்து புளித்த நாற்றம் எனக்கு வாசலிலேயே அடித்தது. உள்ளே அவர் அந்தப் பாலைத் தானே தேத்தண்ணியில் ஊற்றி நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தார். கோப்பையைப் பிடுங்கினேன். கண்ணை மூடச் சொல்லிப் பூண்டை நசுக்கி மூக்குக்குக் கீழே காட்டினேன். "என்ன இது?" என்றேன். "தெரியலயே" என்றார். காப்பித்தூள், மண்ணெண்ணெய், கருகின ரொட்டி. எதுவும் இல்லை. திரும்ப டொக்டரிடம் கொண்டு போனேன். பின்தலையில் அடிபட்டால் வாசனை நரம்பு அறுந்துபோவது உண்டு, சில பேருக்குத் திரும்பி வரும், சில பேருக்கு வராது என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். ட்ரையரில் நிற்கிற மனுஷனுக்கு மூக்கு என்றால் என்ன என்று அந்த டொக்டருக்குத் தெரியாது.

ட்ரையரில் சூடு காட்டுகிற முள் ஒன்று இருக்கிறது. ஆனால் என் புருஷன் அதைப் பார்ப்பதே இல்லை. தூள் பச்சையாக வருகிறதா, கருகப் போகிறதா என்று மூக்குதான் அவருக்குச் சொல்லும். தட்டில் தூள் தேங்கிப் புகையப் போனால், கண்ணுக்குப் புகை தெரிவதற்கு முன்னால் அவருக்கு வாசம் தெரிந்துவிடும். அவர் பெயர் நின்றதே அதில்தான். டீமேக்கர் ஐயாவே அவரைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்வார். பத்தொன்பது வருஷம் அப்படி நின்றவர்.

"யாருகிட்டயும் சொல்லிராத" என்றார் அவர். "முள்ளப் பாத்துச் செஞ்சுக்குவேன்." சொல்லிவிட்டு வேலைக்கும் போய்விட்டார். ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். எனக்குள் கொதித்தது. அங்கே அவரோடு இன்னும் ஆறு பேர் வேலை செய்கிறார்கள், அவர்களில் இரண்டு பேர் நான் பிரசவம் பார்த்த பெண்களின் புருஷன்மார். எல்லாரும் அவர் மூக்கை நம்பித்தான் அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். அந்த மூக்கு வெறும் ஓடு என்று எனக்கு மட்டும் தெரியும். "நீங்களாச் சொல்லுங்க" என்று காலையும் மாலையும் நச்சரித்தேன். "நாளைக்கு" என்பார். "வந்துரும், கொஞ்சம் பொறு" என்பார். ஒருநாள் பொய்யே சொன்னார். "இன்னைக்கு லேசா வாசம் வந்துச்சு" என்றார். ஒரு கோப்பையில் வெறும் சுடுதண்ணியை ஊற்றி மூடிக் கொண்டுவந்து நீட்டினேன். "ஆமா, மல்லிக் காப்பி" என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

மறுநாள் முறை மாறி அவருக்குப் பகல் வேலை. நான் வெயில் ஏறின நேரத்தில் ஃபெக்டரிக்குப் போய் டீமேக்கர் ஐயாவைப் பார்த்தேன். இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்தேன். "நல்ல வேள சொன்னீங்க மிஸ்ஸி" என்றார். நல்ல வேளையாம்!

பகல் சாப்பாட்டுக்கு என் புருஷன் வீட்டுக்கு வந்தார். "கொழுந்து மாடிக்குப் போட்டுட்டாங்க" என்றார். பச்சைக் கொழுந்தைப் பரப்பி வாட்டுகிற மேல் மாடி அது. அங்கே மூக்குக்கு வேலை இல்லை.

"தெரியும். நாந்தான் போய்ச் சொன்னேன்."

"ஐயா சொன்னாரு."

சண்டைக்கு வருவார் என்று வரிந்து கட்டிக்கொண்டு நின்றேன். சொல்ல வேண்டியது முழுவதையும் வழியிலேயே அடுக்கி வைத்திருந்தேன். அவர் கை கழுவிவிட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். சோறு போட்டேன். குழம்பு ஊற்றினேன். சோற்றைப் பிசைந்தார்.

"ஒண்ணு கேக்குறேன். கோவத்துல கேக்கல" என்றார். "நீ புது ஹெல்மெட் வாங்கப் போனியே, அன்னைக்கு எனக்கும் ஒண்ணு வாங்கணும்னு ஒனக்குத் தோணவே இல்லியா?"

பழசு நன்றாகத்தானே இருந்தது என்று சொல்ல வாய் வரை வந்தது. நீங்கள் எப்போதாவதுதானே ஏறுகிறீர்கள் என்று சொல்லவும் வந்தது.

"தோணல" என்றேன்.

"ம்" என்றார். "எனக்கும் தோணல."

ஒரு வாய் எடுத்து வைத்தார். மென்றார். "உப்ப இப்பிடி எடு" என்றார். உப்பும் உறைப்பும் மட்டும்தான் இப்போது அவர் நாக்குக்குத் தெரிகிறது. அதனால் எதிலும் அள்ளிப் போட்டுக்கொள்கிறார். ஐந்து டிவிசனிலும் வீடு வீடாகப் போய், பிரஷர் வரும், உப்பைக் குறையுங்கள் என்று சொல்கிற நான், அவர் கேட்கிற அளவுக்கு எடுத்துக் கொடுக்கிறேன்.